எழுதுகிறவர் எண்ணக்கூடாது

ஜனவரி 8, திங்கள்

இந்த வருஷமும் டைரியை எட்டாம் தேதிதான் தொடங்குகிறேன். முதல் ஏழு பக்கங்களைச் சௌந்தரம் மளிகைச் சீட்டு எழுதக் கிழித்துக்கொள்ளட்டும்.

வனத்துறைக் கடிதம் வந்துவிட்டது. பிப்ரவரி எட்டாம் தேதி கூட்டம். தாழைத்தீவைச் சுற்றி ஒரு கிலோமீட்டருக்குள் கடற்பாசி எடுக்கும் பெண்கள் போகக்கூடாது என்று உத்தரவு போடலாமா வேண்டாமா என்று அன்று முடிவு செய்வார்களாம். ‘தங்களின் பத்தொன்பது ஆண்டுப் பறவைக் கணக்கெடுப்பின் அடிப்படையில்’ என்று எழுதியிருக்கிறார்கள். அந்த வரியை மூன்று முறை படித்தேன். சர்வேயராக முப்பத்தோரு வருஷம் வெயிலில் சங்கிலி இழுத்தேன். ஒருத்தரும் எனக்கு இப்படி ஒரு வரி எழுதியதில்லை.

கணக்கு தெளிவாகத்தான் இருக்கிறது. 2005-இல் தீவில் 4,160 பறவைகள். 2015 வரை நாலாயிரத்துக்கு முன்னே பின்னே. அதன்பிறகு வருஷா வருஷம் சரிவு. போன வருஷம் வெறும் 1,140. அதே வருஷங்களில்தான் கீழ்த்துறைப் பெண்கள் தீவுப் பக்கம் கூட்டமாகப் பாசி எடுக்கப் போக ஆரம்பித்தார்கள். ஆள் நடமாட்டம் பறவைக்கு ஆகாது. இதில் ஆராய்ச்சி செய்ய என்ன இருக்கிறது?

இருபதாவது கணக்கெடுப்பு இருபத்தேழாம் தேதி. பௌர்ணமிக்கு இரண்டாம் நாள், நீரேற்றம் நன்றாக இருக்கும். திட்டுகள் முழுகினால் பறவையெல்லாம் தீவின் கரையில் வந்து ஒண்டும். நாம் கீழே இறங்கக்கூடாது. படகிலேயே ஒரு சுற்றுச் சுற்றி எண்ண வேண்டும்.

சாயங்காலம் தண்ணீர்ச் செம்பில் இடறி விழப் பார்த்தேன். நடைவழியில் செம்பை வைப்பது எந்த ஊர் வழக்கம்?

ஜனவரி 12, வெள்ளி

பஞ்சவர்ணம் வந்திருந்தாள். அவள் புருஷன் நம்புராஜனின் வத்தையில்தான் பத்தொன்பது வருஷமும் போனேன். சின்னப் படகு, சின்ன இன்ஜின், சத்தம் குறைவு. படகை மாற்றினால் முறை மாறிவிடும், முறை மாறினால் எண்ணை ஒப்பிட முடியாது. நம்புராஜன் காலில் திருக்கை முள் குத்தி வீங்கிப் படுத்திருக்கிறானாம்.

“நானே ஓட்டியாறேங்கய்யா. அவுகளவிட நான் நல்லா ஓட்டுவேன், அவுககிட்டச் சொல்லிராதீக” என்றாள்.

சரி என்றேன். அவள் போகவில்லை. முந்தானை நுனியை விரலில் சுற்றிக்கொண்டே நின்றாள். பாசி அறுத்து அறுத்து அந்த விரல்களில் தோலே ஒழுங்காக இல்லை.

“அய்யா, எங்க ஊர்ல நாப்பத்தஞ்சு பொம்பளைங்க அந்தத் தீவ நம்பித்தான் இருக்கோம். தலைய தண்ணிக்குள்ள விட்டுக்கிட்டு கீழ பாசியத்தான் பாக்குறோம். மேல பறவை இருக்கா இல்லையான்னுகூட எங்களுக்குத் தெரியாது. நாங்க அதுகள என்ன செஞ்சோம்?”

“நான் உங்க மேல புகார் சொல்லல பஞ்சவர்ணம். எண்ணத்தான் சொல்றேன். எண் எண்தான்.”

“எண்ணு தப்பாப் போகாதாங்கய்யா?”

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்துவிட்டது. “உன் வீட்டு மனையவே நாந்தானே அளந்தேன்? இன்னிக்கு வரைக்கும் பக்கத்து வீட்டுக்காரன் ஒரு வார்த்தை பேசினானா?” என்று கேட்டேன். “இல்லீங்கய்யா” என்று சொல்லிவிட்டுப் போனாள்.

ஜனவரி 15, திங்கள்

பொங்கல். இலையில் இடது ஓரம் இருந்த வடையைச் சாப்பிடாமல் எழுந்துவிட்டேனாம். “வடை பிடிக்கலையா?” என்று சௌந்தரம் கேட்டாள். வடையே வைக்கவில்லை என்று நான் அடித்துச் சொன்னேன். இலையை எடுத்து வந்து காட்டினாள். நல்ல நாளில் இதற்கெல்லாம் ஒரு வழக்கு.

ஜனவரி 19, வெள்ளி

கடைத்தெருவில் ஒரு ஸ்கூட்டர்க்காரன் என் மேல் ஏற்றியிருப்பான். எங்கிருந்து முளைத்தானோ தெரியவில்லை. “கண்ணு என்ன பொடனிலயா இருக்கு?” என்று என்னைத் திட்டிவிட்டுப் போகிறான். அறுபத்தாறு வயது மனிதனைப் பேசுகிற பேச்சா இது?

வீட்டில் வந்து சொன்னது என் தப்பு. “கண் ஆஸ்பத்திரிக்கு ஒரு தடவை போயிட்டு வந்துருவோம்ங்க” என்று சௌந்தரம் ஆரம்பித்துவிட்டாள். மாத்திரை அட்டையின் பின்னால் எறும்பு ஊர்வது போல அச்சடித்திருப்பார்களே, அதைக் கண்ணாடி போடாமலே கடகடவென்று படித்துக் காட்டினேன். காலாவதித் தேதி வரை படித்தேன். அதற்குமேல் அவளால் என்ன பேச முடியும்?

பேசினாள். “அப்ப இந்த வருஷம் நான் எழுத வர்றேன்.”

எண்ணிக்கைக்கு இரண்டு பேர் வேண்டும். ஒருவர் பார்த்துச் சொல்ல, ஒருவர் எழுத. முன்பு கனி எழுதுவான், போஸ்ட் ஆபீஸ் கனி. 2017-இல் எங்களுக்குள் மனஸ்தாபம். எழுதுகிறவர் தலை நிமிரக்கூடாது, பறவையைப் பார்க்கக்கூடாது, எண்ணக்கூடாது. இரண்டு பேர் எண்ணினால் இரண்டு கணக்கும் கலந்து ஒன்றுக்கும் உதவாமல் போகும். இது நான் வைத்த சட்டம். கனி அன்றைக்கு நிமிர்ந்து பார்த்துவிட்டு, “குலசேகரா, அங்கிட்டும் ஒரு கூட்டம் இருக்கே, சொல்லலையே நீ?” என்றான். “எழுதுற வேலைய மட்டும் பாரு” என்றேன். அடுத்த வருஷம் அவன் வரவில்லை. பிறகு நானே பார்த்து நானே எழுதிக்கொண்டேன்.

சௌந்தரத்திடம் சட்டத்தைச் சொன்னேன். “பள்ளிக்கூட ஆபீஸ்ல இருபத்தாறு வருஷம் சொன்னத எழுதுன கைதானே, எழுதுறேன்” என்றாள். ஏன் திடீரென்று வர ஆசைப்படுகிறாள் என்று தெரியவில்லை. படகில் ஏறினாலே அவளுக்குக் குமட்டும்.

ஜனவரி 27, சனி

எண்ணிக்கை முடிந்தது. மொத்தம் 870. களைப்பாக இருக்கிறது.

ஜனவரி 28, ஞாயிறு

நேற்று எழுதியது முழுதும் இல்லை. டைரியிலும் மறைத்தால் பிறகு எங்கே போய்ச் சொல்வது?

காலை ஆறரைக்குக் கிளம்பினோம். வாடைக்காற்று மெலிதாக இருந்தது, கடல் குளம் மாதிரி கிடந்தது. பஞ்சவர்ணம் சொன்னது நிஜம்தான், நம்புராஜனைவிட நன்றாக ஓட்டுகிறாள். சௌந்தரம் எலுமிச்சம்பழத்தை முகர்ந்துகொண்டு, நோட்டை மடியில் வைத்து, தலையைக் குனிந்தபடி உட்கார்ந்திருந்தாள்.

எப்போதும் போலத் தெற்கு முனையில் தொடங்கினேன். முதலில் பத்துப் பறவையைக் கண்ணில் பிடிக்க வேண்டும். பத்து இவ்வளவு என்று மனசில் படிந்ததும், கூட்டத்தின் மேல் அதைப் பத்துப் பத்தாக வைத்துக்கொண்டே போக வேண்டும். தரையில் சங்கிலி போடுகிற மாதிரிதான்.

“கல்திருப்பி உள்ளான், அறுபது. கடற்காகம், நூற்றுப்பத்து. ஆலா, எண்பது.”

சௌந்தரம் எழுதினாள்.

கிழக்குக் கரைக்கு வந்தோம். “பூநாரை, நாற்பத்திரண்டு” என்றேன்.

இன்ஜின் பக்கமிருந்து பஞ்சவர்ணத்தின் குரல். “அய்யா, அங்கிட்டு வெள்ளையாக் கெடக்கே, அதச் சொல்லலையே?”

“எங்க?”

“இந்தா, உங்க கைப்பக்கந்தான்.”

திரும்பிப் பார்த்தேன். மணல்தான் தெரிந்தது. எனக்குச் சுள்ளென்று ஏறிவிட்டது. நாக்கில் சனி. “கூட்டிச் சொன்னா உங்களுக்கு லாபம்னு சொல்றியா? இருந்தா நான் சொல்லமாட்டேனா? ஓட்ட வந்தவ ஓட்டு” என்று சொல்லிவிட்டேன்.

நான் சௌந்தரத்தைப் பார்த்தேன். தலை குனிந்துதான் இருந்தாள். ஆனால் நாற்பத்திரண்டை இன்னும் எழுதவில்லை. பேனா தாளைத் தொட்டபடி அப்படியே நின்றது.

அந்த நேரத்தில் எங்கிருந்தோ ஒரு வல்லூறு தீவின் மேல் இறங்கியது. நான் அதைப் பார்க்கவில்லை. “ஆத்தாடி, வல்லூறு!” என்று பஞ்சவர்ணம் கத்தியதைத்தான் கேட்டேன். அடுத்த நொடி கரையிலிருந்த பறவையெல்லாம் ஒரே மூச்சில் எழும்பியது. கடலுக்குள் ஒரு வட்டம் அடித்து எங்கள் படகின் மேலாகவே திரும்பியது.

சத்தத்தை எப்படி எழுதுவது? நூறு பேர் ஒரே நேரத்தில் ஈரத்துணியை உதறுகிற மாதிரி இருந்தது. இடது காதில் சத்தம், வலது காதில் சத்தம், பின்னால், தலைக்கு மேல். சிறகுக் காற்று என் கன்னத்தில் பட்டது. சௌந்தரத்தின் நோட்டுத் தாள் படபடவென்று அடித்துக்கொண்டது. நான் நேராகப் பார்த்துக்கொண்டிருந்தேன். என் கண் முன்னால் ஒரு பதினைந்து இருபது பறவைகள் போயின. அவ்வளவுதான். சத்தம் ஓயவில்லை, பறவை தீர்ந்துவிட்டது.

தலையை இங்கும் அங்கும் திருப்பினேன். திருப்பிய இடத்தில் எல்லாம் இருபது. விட்ட இடத்தில் எல்லாம் சத்தம்.

உட்கார்ந்துவிட்டேன். சத்தம் அடங்கிய பிறகு, “சௌந்தரம், எவ்வளவு பறந்துச்சு?” என்று கேட்டேன்.

“எழுதுறவ எண்ணக்கூடாதுன்னு சொன்னீங்களே.”

“சொல்லு.”

அவள் கண் கலங்கியிருந்தது. “எனக்கு எண்ணத் தெரியாதுங்க. ஆனா கொஞ்ச நேரம் வானமே தெரியல.”

மேற்குக் கரையை நான் எண்ணினேன், அவள் எழுதினாள். 870 என்பது அந்தக் கணக்குத்தான்.

பிப்ரவரி 1, வியாழன்

மதுரை. கண் ஆஸ்பத்திரியில் காலையிலிருந்து மதியம் வரை வரிசை. எழுத்துப் பலகையை அடி வரி வரைக்கும் படித்தேன். “நேர்ப்பார்வை நல்லா இருக்கு சார், அதனாலதான் உங்களுக்குத் தெரியாமலே போயிருக்கு” என்றார் டாக்டர். சின்னப் பெண், என் மகள் வயதுகூட இருக்காது.

பிறகு ஒரு இருட்டுப் பெட்டிக்குள் தாடையை வைக்கச் சொன்னார்கள். நடுவில் ஒரு புள்ளியை மட்டும் பார்க்க வேண்டும், ஓரங்களில் வெளிச்சம் மின்னும்போது கையிலுள்ள பொத்தானை அமுக்க வேண்டும். பொத்தான் பறவை எண்ண நான் அமுக்கும் கவுண்டர் கருவியைப் போலவே இருந்தது. கட்டைவிரலுக்கு நல்ல பழக்கம். காத்திருந்தேன். எப்போதாவது ஒன்று மின்னியது, அமுக்கினேன். பாதி நேரம் மெஷின் பழுதாகிவிட்டது என்றே நினைத்தேன்.

முடிவைத் தாளில் அச்சடித்துக் கொடுத்தார்கள். முப்பத்தோரு வருஷம் வரைபடம் பார்த்தவனுக்கு அதைப் படிக்க டாக்டர் வேண்டியதில்லை. தாள் முழுக்கக் கறுப்பு. நடுவில் சின்னதாக ஒரு வெள்ளைத் தீவு. நான் பார்ப்பது அவ்வளவுதான்.

கண்ணுக்குள் அழுத்தம் ஏறி நரம்பை ஓரத்திலிருந்து அரித்துக்கொண்டே வந்திருக்கிறதாம். ஏழெட்டு வருஷமாவது இருக்கும் என்றார். போனது போனதுதான், இருப்பதைக் காப்பாற்றச் சொட்டு மருந்து, காலை ஒன்று, ராத்திரி ஒன்று.

பஸ்ஸில் சௌந்தரம் என் இடது பக்கம் உட்கார்ந்தாள். “நீ எப்பக் கண்டுபிடிச்ச?” என்றேன்.

“போன தீபாவளிக்கு. பக்கத்துல நின்னு உங்களப் பாத்துச் சிரிச்சேன். நீங்க ‘சௌந்தரம், எங்க போய்த் தொலைஞ்ச?’ன்னு கூப்பிட்டீங்க.”

நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

பிப்ரவரி 4, ஞாயிறு

சொட்டு மருந்து பாதி கன்னத்தில்தான் விழுகிறது.

பழைய நோட்டுகளை எல்லாம் எடுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தேன். 2016: 3,650. 2018: 2,900. 2020: 2,210. 2022: 1,480. எவ்வளவு ஒழுங்காக இறங்குகிறது! கடலில் எதுவும் இப்படி ஒழுங்காக இறங்காது. நான் இதை வைத்துப் பத்திரிகைக்குக் கட்டுரை எழுதினேன். கல்லூரியில் போய்ப் பேசினேன். கைதட்டினார்கள்.

கூட்டத்துக்குப் போகாமல் இருந்துவிடலாம் என்று ஒரு யோசனை. உடம்பு சரியில்லை என்று ஒரு கடுதாசி போதும், அதில் பொய்கூட இல்லை. ஆனால் நான் போகாவிட்டால் பழைய எண்கள் பேசும். அவை என்னைவிட நன்றாகப் பேசும்.

போனால் பத்தொன்பது வருஷமும் போய்விடும். நாளைக்கு ஊரில், ‘குருட்டுக் கணக்கு’ என்பார்கள்.

கனிக்குப் போன் போட்டேன். ஏழு வருஷம் கழித்து. விஷயத்தைச் சொன்னேன். “நான் அன்னிக்கே உன் கையப் புடிச்சு டாக்டர்ட்ட இழுத்துட்டுப் போயிருக்கணும்டா. கோவிச்சுக்கிட்டுல்ல போயிட்டேன்” என்றான். அவனைத் திட்ட எனக்கு ஒன்றும் கிடைக்கவில்லை.

பிப்ரவரி 6, செவ்வாய்

கீழ்த்துறைக்குப் போனேன். சௌந்தரம் வருகிறேன் என்றாள், வேண்டாம் என்றேன். பஞ்சவர்ணம் கரையில் பாசியைக் காயப் போட்டுக்கொண்டிருந்தாள். நின்ற நிலையிலேயே சொல்லிவிட்டேன். கண் விஷயம், எண் விஷயம், எல்லாம். கடைசியில், “படகுல உன்ன அப்படிப் பேசியிருக்கக்கூடாது. மன்னிச்சிரும்மா” என்றேன். இந்த வார்த்தையை நான் வெளியாள் யாரிடமும் சொன்னதாக ஞாபகம் இல்லை.

அவள் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு என்னைப் பார்த்தாள்.

“கண்ணு தெரியாமச் சொன்னீக, சரி, அத விடுங்க. ஆனா ‘லாபம்’னு சொன்னீக பாருங்க, அது கண்ணு சொன்னதில்லைங்கய்யா. அதுக்குத்தான் அன்னிக்கு ரெண்டு நாளு எனக்குச் சோறு எறங்கல.”

நின்றேன். பிறகு அவளே ஒரு பிளாஸ்டிக் நாற்காலியை எடுத்து வந்து, என் கைக்கு எட்டும்படி நேர் எதிரே போட்டாள்.

பிப்ரவரி 8, வியாழன்

கூட்டம். பதினைந்து பேர் இருந்திருப்பார்கள். நான் பார்த்தது நாலு முகம். கீழ்த்துறைப் பெண்கள் பின்னால் சுவரோரம் நின்றார்களாம். என் முறை வந்ததும் எழுந்து கறுப்புத் தாளை மேஜையில் வைத்தேன்.

“2005 முதல் 2015 வரை உள்ள பதினோரு கணக்கும் பறவையோட கணக்கு. அதுக்கப்புறம் உள்ள எட்டும் என் கண்ணோட கணக்கு. குறைஞ்சது என் பார்வைங்க. பறவை குறைஞ்சிருக்கா இல்லையான்னு எனக்குத் தெரியாது.”

அதிகாரி தாளையும் என்னையும் மாற்றி மாற்றிப் பார்த்தார். “சார், இதை நீங்க சொல்லாம இருந்திருந்தா யாருக்கும் தெரிஞ்சிருக்காதே” என்றார். பாராட்டினாரா நொந்துகொண்டாரா என்று தெரியவில்லை. உத்தரவை நிறுத்தி வைத்திருக்கிறார்கள். அமாவாசை நீரேற்றத்தில் மறுபடி எண்ண வேண்டும், கூட ஒரு வனக்காவலர் வருவார், அந்த எண்ணைப் பார்த்துத்தான் முடிவு.

வீட்டுக்கு வந்து சட்டையைக் கழற்றியபோது முதுகெல்லாம் நனைந்திருந்தது.

பிப்ரவரி 11, ஞாயிறு

அதே வத்தை, அதே தெற்கு முனை. முறை மாறவில்லை, ஆட்கள்தான் மாறி உட்கார்ந்தோம். கரையின் இடது பாதியைச் சௌந்தரம் பார்த்தாள். பஞ்சவர்ணம் வலது பாதி. நம்புராஜன் கட்டுப்போட்ட காலோடு இன்ஜினைப் பிடித்துக்கொண்டான். வனக்காவலர் தொலைநோக்கியோடு பின்னால். நோட்டு என் மடியில்.

மூன்று நாளாகப் பஞ்சவர்ணத்துக்கும் சௌந்தரத்துக்கும் பத்துப் பிடிக்கப் பயிற்சி. பஞ்சவர்ணத்துக்குப் பயிற்சியே தேவைப்படவில்லை. கலங்கின தண்ணீருக்குள் பாசியை இனம் பிரித்த கண், இந்தப் பட்டப்பகலில் அதற்கு என்ன கஷ்டம்? அவள் சொன்னதைக் காவலர் தொலைநோக்கியில் சரிபார்த்து, இரண்டு இடத்தில் அவரே திருத்திக்கொண்டார்.

“பூநாரை, எழுதிக்கங்கய்யா. இருநூத்திப் பத்து.”

எழுதினேன்.

“இந்தப் பக்கம் உள்ளான் முந்நூத்தி நாப்பதுங்க” என்றாள் சௌந்தரம். குமட்டல் எல்லாம் எங்கே போயிற்றோ.

தலை நிமிராமல் எழுதிக்கொண்டே வந்தேன். நிமிர்ந்து பார்க்க எவ்வளவு ஆசையாக இருந்தது என்று எனக்குத்தான் தெரியும். இருபது வருஷத்தில் முதல் தடவையாக என் சட்டம் என் கழுத்தைப் பிடித்தது. கனி பாவம், பதின்மூன்று வருஷம் இப்படியே உட்கார்ந்திருக்கிறான்.

மேற்குக் கரை முடிந்து, கிளம்பிய இடத்துக்கே வந்துவிட்டோம். காவலர் தொலைநோக்கியை உறையில் போட்டுவிட்டார். நான் கூட்டிப் பார்த்தேன். 3,350. சத்தமாகச் சொன்னேன். நம்புராஜன் விசிலடித்தான்.

“அய்யா, இருங்க” என்றாள் பஞ்சவர்ணம். “அதுல அறுபதக் கழிச்சிருங்க.”

“ஏன்?”

“மேக்குக் கரையில கடைசியாச் சொன்ன ஆலாக் கூட்டம் இருக்குல்ல, அறுபது. அது நாம மொதல்ல இங்கன எண்ணுன கூட்டந்தான். நம்ம படகுக்கு முன்னாலயே பறந்து அங்க போயி உக்காந்துருச்சு. ஒண்ணுக்கு ஒத்தக் காலுல நூலு தொங்குது, நான் பாத்தேன். ரெண்டு தடவை எழுதக்கூடாதுல்லய்யா?”

காவலர் கவனிக்கவில்லை. சௌந்தரம் கவனிக்கவில்லை. நம்புராஜன், “ஏ, உன்ன யாரு கேட்டா?” என்று பல்லைக் கடித்தான். அவளைத் தவிர ஒருத்தருக்கும் தெரியாத அறுபது. ஒவ்வொரு பறவையும் அவளுக்கு வேண்டியிருந்த நாளில், அவளே கழிக்கச் சொன்ன அறுபது.

தலை நிமிரக்கூடாது என்ற சட்டத்தை அப்போது மீறினேன். நிமிர்ந்து, அவள் முகத்தைத் தேடி, நேராகப் பார்த்தேன். அது எனக்கு முழுசாகத் தெரிந்தது.

பிறகு குனிந்து அறுபதை அடித்துவிட்டு 3,290 என்று எழுதினேன்.

“நாலாயிரத்துக்குக் கொறச்சல்தானே அய்யா?” என்று மெல்லக் கேட்டாள்.

“குறைச்சல்தான். அதையும் எழுதிட்டேன்.”

“எழுதுங்க” என்றாள்.

தாளின் அடியில் ‘எண்ணியவர்’ என்று ஒரு கட்டம் இருக்கிறது. பத்தொன்பது வருஷமாக அங்கே என் பெயரைத்தான் எழுதிவந்தேன். கட்டத்தைத் தேடி என் பார்வை தாளில் அலைந்ததால் சௌந்தரம் என் விரலைப் பிடித்து அந்த இடத்தில் வைத்தாள். எண்ணிய இரண்டு பேரின் பெயர்களையும் இனிஷியலோடு எழுதினேன்.